ஹெர்பி நிக்கோல்ஸ், தெலோனியஸ் மங்க்கின் நகலா?

கேட்டவர் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் ரசிகர். எங்கோ ஹெர்பி நிக்கோல்ஸ் என்ற பெயரைப் பார்த்து இரண்டு பதிவுகளைக் கேட்டிருக்கிறார். "மங்க் மாதிரியே இருக்கிறதே, இவர் அவருடைய நகலா? இல்லை என்றால் இவ்வளவு நல்ல பியானோ கலைஞரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?" என்பது கேள்வி. முதல் பகுதிக்குப் பதில் சின்னது: நகல் இல்லை. கொஞ்சம் காது பழகினால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். இரண்டாவதுதான் உண்மையான கேள்வி. அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் "பாவம், அதிர்ஷ்டம் இல்லாதவர்" என்பது. அது பாதிதான் சரி. ராணுவத்தில் இருந்த காலம் நீங்கலாக, கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு அவர் பியானோ வாசித்தே பிழைத்தார். அவருக்கு வேலை இருந்தது, அவர் எழுதிய இசைக்குத்தான் வேலை இல்லை.

நிக்கோல்ஸ் பிறந்தது 1919 ஜனவரி 3, நியூயார்க்கில், மன்ஹாட்டனின் சான் ஹுவான் ஹில் பகுதியில். மங்க் வளர்ந்த பேட்டையும் அதுதான். பின்னாளில் அந்தக் குடியிருப்புகளை இடித்துவிட்டுத்தான் லிங்கன் சென்டர் கட்டினார்கள். நிக்கோல்ஸின் பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள்; வளர்ந்தது ஹார்லெமில். சிறு வயதிலேயே முறையாக மேற்கத்திய செவ்வியல் பியானோ பயின்றார். 1937இல் ராயல் பேரன் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்ததுதான் அவருடைய தொழில் வாழ்க்கையில் நமக்குத் தெரிந்த முதல் வேலை. ஜாஸின் புதிய பாணியான பீபாப் உருவாகிக்கொண்டிருந்த மின்டன்ஸ் கிளப்பிலும் தலைகாட்டினார். ஒருவரை ஒருவர் மேடையில் மடக்கிப் பார்க்கும் அந்தப் போட்டிச் சூழல் அவருக்கு ஒத்துவரவில்லை. 1941இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். பீபாப் யார் யார் கைகளால் உருவாகியது என்று பிற்காலத்தில் பட்டியல் போட்டபோது அவர் பெயர் விடுபட்டதற்கு, முக்கியமான வருடங்களில் அவர் சீருடையில் இருந்ததும் ஒரு காரணம்.

நகல் என்ற பேச்சு எங்கிருந்து முளைக்கிறது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இருவரும் நண்பர்கள், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயது. போதாக்குறைக்கு மங்க்கைப் பற்றி அச்சில் எழுதிய முதல் சிலரில் நிக்கோல்ஸும் ஒருவர். 1944இல் மியூசிக் டயல் என்ற சிறு பத்திரிகையில் எழுதினார். அப்போது மங்க் தன் பெயரில் ஒரு இசைத்தட்டுகூடப் போட்டிருக்கவில்லை. ப்ளூ நோட் கம்பெனி மங்க்கை முதன்முதலாகப் பதிவு செய்தது 1947இல். அதே 1947இல்தான் நிக்கோல்ஸ் தன்னையும் பதிவு செய்யும்படி ப்ளூ நோட்டின் ஆல்ஃபிரெட் லயனைக் கேட்கத் தொடங்கினார். கதவு திறக்க எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடத்தில் "வித்தியாசமான பியானோ" என்ற நாற்காலியில் மங்க் உட்கார்ந்தாகிவிட்டது. பின்னால் வந்தவர் என்ன வாசித்தாலும் "மங்க் மாதிரி" என்றுதான் காதில் விழும்.

அந்த எட்டு வருடம் அவர் சும்மா இருக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு டிக்ஸிலேண்ட் குழுக்களில் வாசித்தார், ஸ்விங் குழுக்களில் வாசித்தார், பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ரெக்ஸ் ஸ்டுவர்ட், ஸ்னப் மோஸ்லி, டேனி பார்க்கர், வில்பர் டி பாரிஸ் என்று பழைய பாணிக்காரர்களின் பெயர்கள்தான் அவருடைய வேலைப் பட்டியலில் அதிகம். இந்தப் பட்டியல்தான் அவர் அறியப்படாமல் போனதன் சூத்திரம் என்பது என் கணிப்பு. ஜாஸில் ஒருவர் பெயர் பரவும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் பெயர்பெற்ற ஒருவரின் குழுவில் பக்கவாத்தியமாகச் சேர வேண்டும், அந்த இசைத்தட்டுகளின் உறையில் பெயர் வர வேண்டும், பிறகு தனிக்குழு. மைல்ஸ் டேவிஸ், சார்லி பார்க்கர் போன்ற ஒருவரோடு வாசித்த ஒரே ஒரு நல்ல தட்டு இருந்திருந்தால்கூட விமர்சகர்களும் கிளப் முதலாளிகளும் அவரைத் தேடியிருப்பார்கள். நிக்கோல்ஸிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவரோடு இரவு முழுக்க டிக்ஸிலேண்ட் வாசித்தவர்களுக்கு அவர் வீட்டில் என்ன எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நவீன பாணிக்காரர்களோ அவரைப் பழைய பாணிக்காரர் கணக்கில் வைத்திருந்தார்கள்.

முதலில் கவனித்தவர் மேரி லூ வில்லியம்ஸ். அவரும் பியானோ கலைஞர், நல்ல காது உள்ளவர். நிக்கோல்ஸின் 'ஸ்டென்னல்' என்ற மெட்டை 1951இல், பெயரை மாற்றி, பதிவு செய்தார். 1952இல் ஹை-லோ என்ற சின்ன கம்பெனிக்காக நிக்கோல்ஸ் தன் பெயரில் சில பாடல்கள் வாசித்தார். அதில் ஒன்றின் தலைப்பு 'நிக்கோல்ஸ் அண்ட் டைம்ஸ்', நிக்கல், டைம் என்ற அமெரிக்கச் சில்லறைக் காசுகளை வைத்து ஒரு சிலேடை. கையில் என்ன புழங்கியது என்பதும் அதிலேயே தெரிகிறது.

கடைசியில் லயன் இசைந்தபோது தாராளமாகவே இசைந்தார். 1955 மே மாதத்தில் இரண்டு பதிவுகள், ஆகஸ்டில் இரண்டு, 1956 ஏப்ரலில் ஒன்று. மொத்தம் ஐந்து அமர்வுகள், எல்லாம் ஒரு வருடத்துக்குள். இடம் நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊர், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டுக் கூடம். ட்ரம்ஸில் முதல் இரண்டுக்கு ஆர்ட் பிளேக்கி, பிறகு மேக்ஸ் ரோச். பேஸில் ஆல் மெக்கிப்பன், கடைசி அமர்வில் மட்டும் டெடி கோட்டிக். ஊரறியாத ஒருவருக்கு நாட்டின் முதல்தர ட்ரம்மர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கம்பெனி அவரை அலட்சியம் செய்தது என்று ஒரே போடாகச் சொல்வது நியாயம் இல்லை.

தவறு நடந்தது பிறகுதான். மே மாதப் பதிவுகள் இரண்டு பாகங்களாக, 10 அங்குலத் தட்டுகளில் வந்தன. அந்த அளவுத் தட்டு சந்தையை விட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. 12 அங்குலம் வந்துவிட்டது. கடைக்காரர் 10 அங்குலத் தட்டுகளை ஒதுக்கத் தொடங்கிய நேரத்தில் இவருடைய அறிமுகமே அதில் போனது. ஆகஸ்ட், ஏப்ரல் அமர்வுகளிலிருந்து பத்துப் பாடல்கள் மட்டும் 'ஹெர்பி நிக்கோல்ஸ் ட்ரியோ' என்று ஒரு 12 அங்குலத் தட்டில் வந்தன. அதன் உறைக் குறிப்பை அவரே எழுதினார். பதிவானவற்றில் பெரும்பகுதி அலமாரியில் கிடந்தது. விற்பனை இல்லை, ப்ளூ நோட் மறுபடி அவரைக் கூப்பிடவும் இல்லை.

அந்தத் தட்டில் இருக்கும் ஒரு மெட்டு மட்டும் உலகம் சுற்றியது. முதலில் அதன் பெயர் 'செரினேட்'. பாடகி பில்லி ஹாலிடே அதற்குச் சொற்கள் போட்டார். பெயர் 'லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்' ஆனது. 1956இல் வெளிவந்த அவருடைய சுயசரிதைக்கும் அதே பெயர். 1972இல் டயானா ராஸ் நடித்த படத்துக்கும் அதே பெயர். பெயரைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். மெட்டுப் போட்டவரைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு சின்ன விஷயம்: தலைப்பில் ப்ளூஸ் இருக்கிறதே தவிர, அது 12 பார் (தாளத்தின் ஒரு அளவுக்கூறு) ப்ளூஸ் அமைப்பில் இல்லை. அதை ப்ளூஸ் என்று நினைத்து எண்ணிக்கொண்டு போனால் வழி தப்பும்.

இப்போது மங்க் விஷயத்துக்கு வருகிறேன். மங்க்கின் ஆயுதம் சிக்கனம். ஒரு சின்னத் துணுக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் போடுவார், நடுவில் பெரிய மௌனம் விடுவார், ஸ்வரத்தை வெட்டி நிறுத்துவார். அவருடைய மெட்டுகள் பெரும்பாலும் 32 பார் சட்டத்துக்குள்ளோ ப்ளூஸ் சட்டத்துக்குள்ளோ அடங்கிவிடும். நிக்கோல்ஸ் கதை சொல்கிறவர். அவருடைய வரிகள் நீளம், கையில் செவ்வியல் பயிற்சியின் ஓட்டம் தெரியும், பார்டோக், சாட்டி போன்றவர்களைக் கேட்டு ஊறிய காது. முகப்பும் முடிப்பும் பெரும்பாலும் எழுதி வைத்தவை. சோலோ வாசிக்கும்போதும் மெட்டை விட்டு வெகுதூரம் போகமாட்டார். அதையே வேறு வேறு வெளிச்சத்தில் காட்டுவார். இருவருக்கும் பொதுவானது கூர்மையான, உரசும் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள். பதிவுகளை மேலோட்டமாகக் கேட்கும்போது அந்த உரசல்தான் முதலில் காதில் படுகிறது. அதனால்தான் இந்தக் குழப்பம்.

'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்' என்ற ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். தலைப்பைப் பார்த்தால் ஆட்டம் பாட்டம் என்று எதிர்பார்ப்போம். நடை என்னவோ நிதானமானது. மெட்டின் வாக்கியங்கள் குட்டை. ஒவ்வொன்றும் வீடு வந்து சேரப்போகிறது என்று தோன்றும் இடத்தில் அடியிலிருக்கும் கார்ட் வேறு பக்கம் நகர்ந்துவிடும். விருந்துக்கு விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது, யாரும் வரவில்லை, வருவார்களா என்றும் தெரியவில்லை: அந்தத் தயக்கத்தைச் சொல்லாமல் சொல்கிற இசை. இடது கையின் கீழ் ஸ்வரத்தை மட்டும் ஒரு தடவை பின்தொடர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் கால் இடறுகிறது என்று பிடிபட்டுவிடும்.

அவரிடம் தனித்துவமான இன்னொன்று ட்ரம்ஸுக்கு அவர் கொடுக்கும் இடம். மெட்டிலேயே ஓரிரு பார்களைக் காலியாக விட்டிருப்பார். அங்கே ட்ரம்ஸ் பதில் சொல்லும். அது அலங்காரம் இல்லை, மெட்டின் பாதி. ஒரு வரி பியானோவில், அடுத்த வரி தோலில். கரீபியன் தாள வாசனை அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிளேக்கி இந்தப் பதில்களை உருட்டி இடிபோல இறக்குகிறார். ரோச் ஒவ்வொரு ட்ரம்மின் சுருதியையும் பிரித்துக் காட்டி, பியானோ வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்க்கிறார். எனக்கு ரோச் பக்கம்தான் சாய்வு, ஆனால் அது ருசி விஷயம்.

கேட்கத் தொடங்கும் முறை. ப்ளூ நோட் பதிவுகள் முழுவதும் 1987இல் மொசைக் கம்பெனியின் தட்டுப் பெட்டியாகவும், 1997இல் மூன்று சிடி தொகுப்பாகவும் வந்தன, 48 பதிவுகள். அந்தத் தொகுப்பை முதல் சிடியின் முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரே மெட்டின் மாற்றுப் பதிவுகளும் கூடவே வருவதால் அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும், அலுத்துவிடும். அதற்குப் பதில் 'ஹெர்பி நிக்கோல்ஸ் ட்ரியோ' தட்டின் பத்துப் பாடல்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் 'தி கிக்', 'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்', 'லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்' மூன்றையும் ஒரு வாரம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை: முதல் தடவை மெட்டை மட்டும் வாயில் முணுமுணுக்க வரும்வரை, இரண்டாம் தடவை கையால் தாளம் போட்டு ஒரு சுற்றுக்கு எத்தனை பார் என்று எண்ணுங்கள், நம் ஆவர்த்தனம் எண்ணுவது போலத்தான், மூன்றாம் தடவை பியானோவை மறந்துவிட்டு ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள். எண்ணிக்கை 32இல் நிற்காமல் போனால் உங்கள் தவறு என்று நினைக்காதீர்கள். பத்தில் 'மைன்' ஒன்று மட்டும் ஜார்ஜ் கெர்ஷ்வின் போட்டது. நிக்கோல்ஸ் பிறர் பாட்டை எப்படிக் கையாள்கிறார் என்று ஒப்பிட அது உதவும். இவை பழகிய பிறகு மே 1955க்குப் போங்கள்: 'தி தர்ட் வேர்ல்ட்', 'க்ரோ-மேக்னன் நைட்ஸ்', 'ப்ளூ சாப்ஸ்டிக்ஸ்'. கடைசித் தலைப்பு, குழந்தைகள் இரண்டு விரலால் பியானோவில் தட்டும் 'சாப்ஸ்டிக்ஸ்' பயிற்சிக்கு ஒரு கண்சிமிட்டல்.

கேட்டவர் பியானோவும் வாசிக்கிறவர் என்றால் இரண்டு வார்த்தை. இந்த மெட்டுகளை வாசிக்கும் குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முகப்பையும் முடிப்பையும் தவிர்த்துவிட்டு நடு மெட்டை மட்டும் எடுப்பார்கள். அப்போது அது தலையும் காலும் இல்லாத உடம்பாகிவிடும். ட்ரம்மர் பழக்கதோஷத்தில் காலி பார்களிலும் சிம்பலில் தாளத்தை ஓட்டிக்கொண்டே போவார். பதில் சொல்ல வேண்டிய ஆள் பின்னணிக்குப் போய்விடுவார். பியானோக்காரர் மங்க்கை நினைத்துக்கொண்டு ஸ்வரங்களை வெட்டி வெட்டிக் குத்துவார். வேகம் கூட்டினால் கார்ட் மாற்றங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். முதலில் மெட்டைப் பாட வர வேண்டும், அடுத்து இடது கை கீழ் ஸ்வரங்கள் மட்டும், பிறகு இரண்டும், கடைசியில்தான் சோலோ. சோலோவிலும் முதல் இரண்டு சுற்றுகளுக்கு மெட்டையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டால், பார் கணக்கு தப்பாது.

1957 நவம்பரில் பெத்லெஹெம் கம்பெனிக்காக ஒரு தட்டு: 'லவ், க்ளூம், கேஷ், லவ்'. பேஸ் ஜார்ஜ் டுவிவியே, ட்ரம்ஸ் டேனி ரிச்மண்ட். தலைப்புப் பாடல் ஒரு வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கை. 'ஆல் தி வே', 'டூ க்ளோஸ் ஃபார் கம்ஃபர்ட்' என்று அன்றைய பிரபலப் பாடல்களும் உள்ளே உண்டு. ப்ளூ நோட் பதிவுகளின் தீவிரம் இதில் குறைவு, சாவகாசம் அதிகம். தன் பெயரில் அவர் போட்ட கடைசித் தட்டு இதுதான். அதன்பின் கிரீனிச் வில்லேஜில் பேஜ் த்ரீ கிளப்பில் பாடகர்களுக்கு வாசித்தார். ஷீலா ஜோர்டன் அங்கே பாடியவர்களில் ஒருவர். 1963 ஏப்ரல் 12, ரத்தப் புற்றுநோய், வயது 44.

அவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் எதை நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1966இல் ஏ.பி. ஸ்பெல்மன் நான்கு ஜாஸ் கலைஞர்களைப் பற்றி எழுதிய நூலில் நிக்கோல்ஸ் ஒருவர். மற்ற மூவர் செசில் டெய்லர், ஆர்னெட் கோல்மன், ஜாக்கி மெக்லீன். நிக்கோல்ஸிடமே பேசி எழுதியது, ஆகவே மதிப்பு மிக்கது. ஆனால் "யாரும் கண்டுகொள்ளாத மேதை" என்ற சோகச் சித்திரம் நிலைத்ததும் அதன் வழியாகத்தான். 2009இல் மார்க் மில்லர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தால், விடாமல் வேலை செய்த ஒரு தொழில்முறை இசைக்காரர் தெரிகிறார். இரண்டும் பொய் இல்லை. கையெழுத்துப் பிரதிகள் வீட்டில் தண்ணீர் புகுந்து அழிந்தன என்ற கதையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதை எண்ணிக்கையோடு சொல்கிறவர்களைச் சற்று எச்சரிக்கையோடு கேளுங்கள். உறுதியாகத் தெரிந்தது இது: காப்புரிமைக்காக அவர் பதிவு செய்த மெட்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, டிராம்போன் கலைஞர் ரோஸ்வெல் ரட்டிடமும் கொஞ்சம் இருந்தது. பித்தளை வாத்தியங்களை மனதில் வைத்து எழுதியவற்றைக்கூட நிக்கோல்ஸ் தன் தலைமையில் அவற்றோடு பதிவு செய்ய முடியவே இல்லை என்பதும் உறுதி.

அந்தக் கடனைத் தீர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். ரட், சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி, ஆம்ஸ்டர்டாமின் பியானோ கலைஞர் மிஷா மெங்கல்பெர்க், ட்ரம்மர் ஹான் பென்னிங்க் ஆகியோர் சேர்ந்து 1982இல் 'ரீஜெனரேஷன்' தட்டில் நிக்கோல்ஸையும் மங்க்கையும் அக்கம்பக்கமாக வைத்து வாசித்தார்கள். நகலா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது; முடிந்தால் அவசியம் கேளுங்கள். 1984இல் மெங்கல்பெர்க், லேசி முதலானோர் வாசித்த 'சேஞ்ச் ஆஃப் சீசன்' தட்டு முழுக்க நிக்கோல்ஸ். 1990களில் ரட் அதுவரை யாரும் கேட்காத மெட்டுகளை இரண்டு பாகங்களாகப் பதிவு செய்தார், பிறகு 27 மெட்டுகளை ஸ்வரக் குறிப்போடு புத்தகமாகவும் போட்டார். வாசிக்க விரும்புகிறவர் தேட வேண்டியது அந்தப் புத்தகத்தைத்தான்.

தேடும்போது இரண்டு இடத்தில் குழம்பலாம். வெறும் நிக்கோல்ஸ் என்று தேடினால் கார்னெட் கலைஞர் ரெட் நிக்கோல்ஸ் முன்னால் வந்து நிற்பார். அவர் வேறு ஆள், வேறு காலம். 'ஹெர்பி நிக்கோல்ஸ் ப்ராஜெக்ட்' என்று வரும் மூன்று ஆல்பங்களில் இவர் வாசிக்கவில்லை. அவை ஃப்ராங்க் கிம்ப்ரோ, பென் அலிசன் குழுவினர் 1990களில் தொடங்கிப் பதிவு செய்தவை. நூலகத்திலிருந்து தேடியெடுத்த மெட்டுகளும் அவற்றில் உண்டு, நல்லவையும்கூட. ஆனால் ஹெர்பி நிக்கோல்ஸின் விரல்களைக் கேட்க வேண்டும் என்றால் பதிவான வருடம் 1952, 1955, 1956, 1957 நான்கில் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.